புதுசா மாட்டிய கம்ப்யூட்டர் ஆன் ஆகல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்துக்கு ஒரு போட்டோவாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. திறந்து கிடக்கும் கேபினெட், கட்டில் முழுக்க அட்டைப்பெட்டி, ஓரத்தில் ஒரு காபி டம்ளர். கீழே ஒரே வரி: "அண்ணே, ஆன் ஆகல." சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவர்கள், ஆன்லைனில் ஆஃபர் பார்த்து மாசத்துக்கு ஒன்றாகச் சேர்த்தவர்கள், மதுரை டவுன்ஹால் ரோட்டில் பேரம் பேசி வாங்கியவர்கள் என்று ஆள்தான் மாறுகிறார்களே தவிர, சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்துவிட்டேன். லேசானது முதலில், சிக்கலானது பின்னால். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை, நம்பரை மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. "அண்ணே, பட்டனை அமுக்குனா ஒண்ணுமே நடக்கல. ஃபேன் கூடச் சுத்தல. போச்சா?"

போயிருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (சுவர் கரண்டை மாற்றி உள்ளே கொடுக்கும் பவர் பெட்டி) பின்பக்கம், பவர் கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆஃப். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு இதை மறந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு வைத்தால் எனக்கே சிரிப்பு வரும். அடுத்து, அதே ஜங்ஷன் பாக்ஸில் மொபைல் சார்ஜரைச் செருகி கரண்ட் வருகிறதா பாருங்கள். பவர் கார்டைக் கடைசி வரை அழுத்துங்கள். புது சாக்கெட் இறுக்கமாக இருக்கும், முக்கால்வாசி போனதும் போய்விட்டது என்று நினைத்துவிடுவோம்.

பழைய அல்லது மலிவு எஸ்எம்பிஎஸ் என்றால் பின்னால் 115 / 230 என்று ஒரு சிவப்பு நகர்த்தி இருக்கலாம். நம் ஊருக்கு அது 230-இல் இருக்க வேண்டும். 115-இல் வைத்து சுவிட்சைப் போட்டால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு அந்த எஸ்எம்பிஎஸ் கதை முடிந்தது.

2. "முன்னாடி இருந்து பொடிப்பொடியா ஒயர் வருது. எதை எங்க மாட்டுறதுன்னே தெரியல."

பட்டன், ரீசெட், பவர் லைட், ஹார்ட் டிஸ்க் லைட் ஆகிய நான்கின் ஒயர்கள் அவை. எல்லா பார்ட்ஸும் மாட்டும் பெரிய பலகையான மதர்போர்டின் கீழ் வலது ஓரத்தில் ஒன்பது பின் உள்ள ஒரு கொத்து இருக்கும். எந்த ஜோடி எதற்கு என்பது போர்டோடு வந்த புத்தகத்தில் படமாகவே இருக்கும். பட்டன் ஒயரை எப்படித் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும், ஏனென்றால் அது வெறும் சுவிட்ச். லைட் ஒயருக்குத்தான் பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டும். தப்பாக மாட்டினால் லைட் எரியாது, அவ்வளவுதான், எதுவும் புகையாது.

பட்டன்மேலேயே சந்தேகம் என்றால் ஒயரைக் கழற்றிவிட்டு, பவர் சுவிட்சுக்குரிய அந்த இரண்டு பின்னையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டு எடுங்கள். ஓடினால் மதர்போர்டு நன்றாக இருக்கிறது, கோளாறு பட்டனில். ரீசெட் பட்டன் ஒயரை எடுத்துப் பவர் பின்னில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். எங்கள் தெருவில் ஒருத்தர் ஒன்றரை வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறார்.

3. "ஃபேன் சுத்துது, லைட்டெல்லாம் கலர் கலரா எரியுது. ஆனா டிஸ்ப்ளே வரல சார்."

கடைக்காரர்கள் 'நோ டிஸ்ப்ளே' என்பது இதைத்தான். உயிரே இல்லாமல் கிடப்பது வேறு, உயிர் இருந்து டிஸ்ப்ளே வராதது வேறு. எனக்கு மெசேஜ் போடும்போது இரண்டில் எது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை மிச்சம்.

முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். படம் காட்டுவதற்கென்றே உள்ள கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் எச்டிஎம்ஐ கேபிள் அந்தக் கார்டில்தான் போக வேண்டும், மேலே மதர்போர்டில் உள்ள ஓட்டையில் போகக் கூடாது. கார்டே போடாமல் மதர்போர்டில் மாட்டியிருந்தால், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குள் கிராபிக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்டெல் பிராசசரில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் இல்லை. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600-இல் இல்லை, 5600ஜி-யில் உண்டு. "கார்டு அடுத்த மாசம் வாங்கிக்கலாம், இப்போதைக்கு ஓடட்டும்" என்று இன்டெல் 12400எஃப் வாங்கிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். அந்த ஒரு மாசமும் சிஸ்டம் வெறும் சீரியல் லைட்டாகத்தான் இருந்தது.

பெரிய கார்டுக்குத் தனியாக ஆறு பின்னோ எட்டுப் பின்னோ பவர் ஒயர் கொடுக்க வேண்டும். அதையும் மானிட்டரில் எந்த இன்புட் தேர்ந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

4. "ராம் நல்லாத்தான் மாட்டிருக்கேன். இருந்தாலும் வரல."

"நல்லாத்தான்" என்ற இந்த வார்த்தையை நான் நம்புவதே இல்லை. புது ஸ்லாட்டில் (ராம் என்ற நினைவகப் பட்டை உட்காரும் இடம்) ராமை அழுத்த நாம் நினைப்பதைவிட அதிக பலம் வேண்டும். இரண்டு கட்டை விரலையும் இரண்டு முனையில் வைத்து, 'டக்' என்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள். சில போர்டில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் திறக்கும். கிளிப் இல்லாத பக்கம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், தங்க நிறக் கோடு ஒரு பக்கம் அதிகமாகத் தெரியும்.

நான்கு ஸ்லாட் இருந்தால் ராமை பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதுதான் பெரும்பாலான போர்டில் முறை. வரவில்லை என்றால் ஒரே ஒரு ராமை இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் போட்டுப் பாருங்கள். அப்புறம் மற்றதை அதே ஸ்லாட்டில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் ஒன்றாக மாற்றி, ஓடிவிட்டால் எதனால் ஓடியது என்று தெரியாமல் போகும்.

5. "ஃப்ரெண்டு ராமை ரப்பர் போட்டுத் தேய்க்கச் சொல்றான். தேய்க்கலாமா?"

நம் ஊர் சர்வீஸ் கடைகளில் தலைமுறை தலைமுறையாக வரும் வைத்தியம் இது. ஐந்து வருஷம் தூசியிலும் வேர்வையிலும் கிடந்த ராமுக்குப் பலன் கொடுக்கும், மறுப்பதற்கில்லை. நேற்று பெட்டி பிரித்த ராமில் தேய்க்க என்ன அழுக்கு இருக்கிறது? அங்கே வேலை செய்தது ரப்பர் இல்லை, கழற்றி மறுபடி மாட்டியதுதான். ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது ஒரு புது வியாதி.

6. "ரெண்டு செகண்ட் ஓடுது, நிக்குது. மறுபடி தானா ஓடுது, நிக்குது. பேய் புடிச்ச மாதிரி இருக்கு."

இதற்கு மூன்று நான்கு காரணம் உண்டு. எனக்கு வந்ததில் அதிகம், பிராசசருக்கான பவர் ஒயர் போடாதது (அடுத்த கேள்வி) அல்லது ராம் சரியாக உட்காராதது. எங்காவது ஷார்ட் ஆகியிருந்தால் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உடனே அணைந்துவிடும். அதற்கு 12-ஆவது கேள்வியைப் பாருங்கள்.

பிராசசர்மேல் மாட்டும் கூலர் சரியாக உட்காராவிட்டாலும் அணையும். ஆனால் அது பொதுவாக இரண்டு நொடியில் நடக்காது, கொஞ்ச நேரம் ஓடிச் சூடாகித்தான் அணையும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? அதில் உரிக்கச் சொல்லிக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அதையும் தாண்டி மாட்டியவர்கள் உண்டு.

7. "சிபியுவுக்குன்னு தனியா பவர் ஒயர் இருக்கா? பெரிய 24 பின் மாட்டினா போதாதா?"

போதாது. சிபியு என்பது பிராசசர்தான். 24 பின் ஒயர் போர்டுக்கு. போர்டின் மேல் இடது மூலையில் பிராசசருக்கென்று எட்டுப் பின் சாக்கெட் தனியாக இருக்கும். பெரிய கூலர் மறைத்துக்கொண்டிருப்பதால் கண்ணில் படாது. அது இல்லாமலும் ஃபேன் சுத்தும், லைட் எரியும், அதனால்தான் ஆள் ஏமாந்துபோகிறார்கள்.

ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். 2019 சித்திரைத் திருவிழா லீவில் என் முதல் சிஸ்டத்தை மாட்டினேன். விடிய விடிய டிஸ்ப்ளே வரவில்லை. காலையில் என் தம்பி வண்டி ஓட்ட, நான் பின்னால் கேபினெட்டை மடியில் கட்டிப் பிடித்தபடி, மாசி வீதி நெரிசலில் ஒவ்வொரு பிரேக்குக்கும் கண்ணாடிப் பக்கத்தை என் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைப் பையன் டார்ச் அடித்துப் பார்த்தான். பின்பக்கம் சுருட்டிக் கட்டியிருந்த ஒயர் ஒன்றை உருவி மேலே செருகினான். டிஸ்ப்ளே வந்தது. 300 ரூபாய். அவன் சிரிக்கக்கூட இல்லை, அதுதான் இன்னும் வலித்தது.

கிராபிக்ஸ் கார்டு ஒயரும் எட்டுப் பின்தான், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நான்கும் நான்குமாகப் பிரிந்தால் அது பிராசசருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் அது கார்டுக்கு. ஓட்டைகளின் வடிவம் வேறு, அதனால் சுலபமாகப் போகாது. போகாததை வம்படியாக அழுத்தாதீர்கள்.

8. "போர்டு ஓரத்துல பொடி எழுத்துக்குப் பக்கத்துல சின்ன லைட் ஒண்ணு எரியுது. அது என்ன?"

உங்கள் போர்டு உங்களிடம் பேசுகிறது. பல புதுப் போர்டுகளில் சிபியு, டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் தொடங்குவது) என்று நான்கு சின்ன லைட் இருக்கும். ஆன் பண்ணினதும் ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும். எதில் நின்றுவிடுகிறதோ அங்கேதான் சிக்கல். டிராமில் நின்றால் 4-ஆவது கேள்வி. விஜிஏவில் நின்றால் 3-ஆவது. பூட்டில் நின்றால் சந்தோஷப்படுங்கள், சிஸ்டம் நன்றாக இருக்கிறது, விண்டோஸ்தான் இல்லை. சிபியுவில் நின்றால் 7, 10, 15 மூன்றையும் பார்க்க வேண்டும்.

இந்த லைட் இல்லாத போர்டுக்கு 'பீப்' ஸ்பீக்கர் என்று குன்றிமணி சைஸில் ஒன்று கிடைக்கும். முன்பக்க ஒயர் பின்களுக்குப் பக்கத்திலேயே அதை மாட்ட இடம் இருக்கும். எத்தனை பீப், நீளமா குட்டையா என்பதற்கு அர்த்தம் போர்டு புத்தகத்தில் இருக்கும்.

9. "டிடிஆர்5 ராம் போட்டிருக்கேன். அஞ்சு நிமிஷமா கருப்பாவே நிக்குது. ஆஃப் பண்ணிடவா?"

பண்ணாதீர்கள். டிடிஆர்5 (ராமின் ஒரு தலைமுறை) போர்டு, குறிப்பாக ஏஎம்5 (ஏஎம்டி ரைசன் பிராசசர் உட்காரும் ஒரு வகை) சாக்கெட் போர்டு, முதல் தடவை ஆன் ஆகும்போது ராமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அந்த நேரம் திரையில் ஒன்றும் வராது, டிராம் லைட் எரிந்துகொண்டே இருக்கும், தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எரியவும் செய்யும். பயந்து பட்டனை அழுத்தினால் அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். அப்படியும் வராவிட்டால்தான் 4-ஆவது கேள்விக்குப் போக வேண்டும்.

10. "பிராசசரும் போர்டும் சேரும்னு சொல்லித்தானே வாங்குனேன். சாக்கெட்டும் சரியா உக்காருது. அப்புறம் ஏன் சிபியு லைட் எரியுது?"

சாக்கெட் சேர்ந்தால் மட்டும் போதாது, போர்டுக்குள்ளேயே இருக்கும் ஆரம்ப மென்பொருளான பயாஸுக்கு அந்தப் பிராசசரைத் தெரிந்திருக்க வேண்டும். பி450 போர்டு 2018-இல் வந்தது. ரைசன் 5000 வரிசை 2020 கடைசியில்தான் வந்தது. பழைய பயாஸோடு அலமாரியில் கிடந்த போர்டை வாங்கினால், வந்து உட்கார்ந்த புது மாப்பிள்ளையை அதற்கு அடையாளம் தெரியாது. இன்டெல்லிலும் இதே கதைதான். எச்610, பி660 போர்டுகள் வந்தபோது இருந்தது 12-ஆம் தலைமுறை. 13-ஆம் தலைமுறை போடப் புது பயாஸ் வேண்டும். பி650-இல் ரைசன் 9000 போடுகிறவர்களும் இதைப் பார்க்க வேண்டும்.

போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் அதிர்ஷ்டம். பிராசசர் இல்லாமலேகூடப் புது பயாஸ் ஏற்றலாம். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, கம்பெனித் தளத்தில் உங்கள் போர்டு மாடலுக்கான கோப்பை மட்டும் எடுத்து, புத்தகத்தில் சொன்ன பெயருக்கு மாற்றி, குறியிட்ட யூஎஸ்பி ஓட்டையில் செருகிப் பட்டனை அழுத்த வேண்டும். லைட் மினுக்குவது நிற்கும் வரை தொடக் கூடாது. அன்றைக்கு உங்கள் ஏரியாவில் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு செங்கல்லாகிவிடலாம்.

பட்டன் இல்லாத போர்டு என்றால் பழைய பிராசசர் வைத்திருக்கும் கடையில் கொடுத்து ஏற்றிக்கொள்வதுதான் வழி. வாங்கும்போதே "பயாஸ் அப்டேட் பண்ணிக் குடுங்க" என்று கேட்டால் தனிக் காசு இல்லாமல் செய்து தருகிற கடைகளும் உண்டு.

11. "கேபினெட்டைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குது தம்பி. புள்ள தொடவே பயப்படுறான்."

சிஸ்டம் ஆன் ஆகாததற்கும் இதற்கும் பொதுவாகச் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் மதுரையில் பழைய வீட்டுக்காரர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்னக் கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லை என்றால் பாடி 230-இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். அளவு மிகச் சிறியது, அதனால் சுர் என்பதோடு போகிறது. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். செருப்பு போட்டுக்கொண்டு தொட்டால் தெரியாது, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று தொட்டால் தெரியும்.

அப்படியே விடக் கூடாது. பலமாக அடித்தால் அது இந்தக் கசிவாக இல்லாமல் நிஜக் கோளாறாகவும் இருக்கலாம். சுவரில் மூணு ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். பின்னால் ஒயரே இழுக்காமல் விட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வயர்மேனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அதுவரை பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்காமல் கேபினெட்டுக்குள் கை விடாதீர்கள். மூணாவது பின்னை உடைத்து ரெண்டு பின் பிளக் ஆக்கும் கெட்டிக்காரத்தனம் வேண்டவே வேண்டாம்.

12. "வெளிய அட்டை மேல வச்சா ஓடுது, கேபினெட்டுக்குள்ள வச்சா ஓடல. என்ன கொடுமைண்ணே இது?"

நல்ல செய்தி, பார்ட்ஸ் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. போர்டு கேபினெட் தகட்டில் எங்கோ தொடுகிறது. போர்டுக்கும் தகட்டுக்கும் இடையில் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (குட்டிக் கால் மாதிரி திருகு) இருக்க வேண்டும், அதுவும் போர்டில் ஓட்டை உள்ள இடத்தில் மட்டும். கேபினெட் கம்பெனி பெரிய போர்டுக்கு என்று போட்டு அனுப்பிய கூடுதல் ஸ்டாண்ட்ஆஃப் ஒன்று உங்கள் சின்னப் போர்டின் அடிவயிற்றில் குத்திக்கொண்டிருக்கும். கழற்றுங்கள். பின்பக்கத் தகட்டின் நாக்கு ஏதாவது யூஎஸ்பி ஓட்டைக்குள் மடங்கியிருக்கிறதா, ஸ்க்ரூ ஒன்று போர்டுக்கு அடியில் உருண்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள். கேபினெட்டை லேசாகக் குலுக்கினால் சலசலவென்று கேட்கும்.

இந்த 'வெளியே வைத்துப் பார்ப்பது' எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டிமேல் போர்டை வைத்து, பிராசசர், கூலர், ஒரு ராம், 24 பின், எட்டுப் பின், தேவை என்றால் மட்டும் கார்டு. வேறு எதுவும் வேண்டாம். போர்டு வந்த வெள்ளிநிறப் பைமேல் வைத்து ஓட்டாதீர்கள், சில பைகளின் வெளிப்புறம் கரண்டைக் கடத்தும். ஸ்டாட்டிக்குக்கு (உடம்பில் சேரும் நிலை மின்சாரம்) ரொம்பப் பயப்பட வேண்டாம், அவ்வப்போது இரும்பு கிரில்லைத் தொட்டுக்கொண்டால் போதும். சித்திரை வெயிலில் குனிந்து வேலை பார்க்கும்போது நெற்றி வேர்வை போர்டில் சொட்டுவதுதான் எனக்குப் பெரிய பயம். தோளில் ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

13. "எஸ்எம்பிஎஸ் செத்திருச்சான்னு வீட்லயே எப்படிப் பாக்குறது?"

எல்லா ஒயரையும் போர்டிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, 24 பின் முனையில் பச்சை ஒயரையும் பக்கத்தில் உள்ள ஒரு கருப்பு ஒயரையும் யூ வடிவில் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். ஃபேன் சுத்தினால் உயிர் இருக்கிறது. எல்லா ஒயரும் கருப்பாக இருந்தால், கொக்கி மேலே இருக்கும்படி பிடித்து, புத்தகத்தில் 16-ஆவது பின் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் பச்சை. சூடேறினால்தான் ஃபேன் சுத்தும் மாடல்களும் உண்டு. அதற்கு ஒரு கேபினெட் ஃபேனை மாட்டிப் பாருங்கள்.

சுத்தியது என்பதற்காக எஸ்எம்பிஎஸ் முழு ஆரோக்கியம் என்று அர்த்தமில்லை, சுமை ஏறும்போது படுத்துவிடலாம். சுத்தவே இல்லை என்றால் அநேகமாக அதுதான் குற்றவாளி. ஆனால் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்த கெப்பாசிட்டர் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

14. "ஃப்ரெண்டு எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பாக்கட்டா? ஒயர் என்னோடதே நல்லாக் கட்டி வச்சிருக்கேன், அதையே யூஸ் பண்ணிக்கிறேன்."

எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கலாம். ஒயரையும் சேர்த்து வாங்குங்கள். கழற்றி மாட்டும் மாடுலர் ஒயரில், போர்டுப் பக்க முனைதான் எல்லா கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில நேரம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். முனை ஒழுங்காகப் போய் உட்காரும். சுவிட்சைப் போட்டதும் எஸ்எஸ்டி டிஸ்க் கருகும். இருபது நிமிஷம் கட்டிய கேபிள் டையை வெட்டச் சோம்பல்பட்டு டிஸ்க்கைப் பறிகொடுத்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.

15. "கூலரைக் கழட்டுனேன், பிராசசரும் சேர்ந்தே வந்துருச்சு. ரெண்டு பின் வளைஞ்சிருக்கு."

ஏஎம்4-இல் (ஏஎம்5-க்கு முந்தின வகை, பின்கள் பிராசசரிலேயே இருக்கும்) இது சகஜம். கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இனிமேல் சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாகத் திருகிவிட்டுத் தூக்குங்கள். வளைந்த பின்னை நிமிர்த்த, லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனையைப் பின்மேல் நுழைத்து நூல் அளவாக நிமிர்த்துவார்கள். ஒரே தடவையில் நேராக்கப் பார்க்காதீர்கள், ஒடிந்துவிடும். சாக்கெட்டில் தானாக விழுந்து உட்கார்ந்தால் ஜெயித்தீர்கள்.

இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் பின்கள் போர்டுப் பக்கம் இருக்கும், மயிரிழை மாதிரி. அதில் என்னைக் கேட்டால் கை வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மொபைல் போர்டு சர்வீஸ் செய்கிற, மைக்ரோஸ்கோப் வைத்திருக்கிற ஆளிடம் போங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டியை எதிர்பார்க்க வேண்டாம்.

16. "எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம் தோட்டத்து வீடு. மோட்டார் ஓடுனா பல்பே மங்குது. லோ வோல்டேஜ்லதான் ஆன் ஆகலையோ?"

எஸ்எம்பிஎஸ் லேபிளில் இன்புட் என்ற வரியைப் படியுங்கள். 100–240 என்றிருந்தால் லோ வோல்டேஜைத் தாங்கும், 170-க்கு இறங்கினாலும் அதுபாட்டுக்கு ஓடும், வேறு காரணம் தேடுங்கள். 200–240 என்றிருந்தால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். மோட்டார் நின்றபிறகு ராத்திரி ஆன் பண்ணிப் பாருங்கள். ஓடினால் விடை கிடைத்துவிட்டது.

இதோடு சேர்ந்தே இன்னொன்றும் கேட்பார்கள்: இன்வெர்ட்டருக்கு மாறும்போது மட்டும் அணைகிறது என்று. பல இன்வெர்ட்டரில் மோடு மாற்றும் சுவிட்ச் உண்டு, யூபிஎஸ் மோடில் வையுங்கள், மாறும் நேரம் குறையும். தனி யூபிஎஸ் என்றால் 600 விஏ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், வாட்டில் பெரும்பாலும் 360 தான் வரும். பெரிய கார்டில் கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது தாங்காமல் கத்திவிட்டு அணையும்.

17. "நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சு. காலைல ஒண்ணுமே இல்ல."

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியது வடியும். மறுபடி செருகிப் பாருங்கள். இதிலேயே பாதி எழுந்துவிடும். இல்லை என்றால் பயாஸ் செட்டிங்கை அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரலாம். பிளக்கைப் பிடுங்கிய நிலையில், போர்டில் உள்ள சிஆர்2032 வட்ட பேட்டரியை எடுத்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள், அல்லது அதற்கென்று உள்ள இரண்டு பின்னைச் சேர்த்துத் தொடுங்கள். முந்தின ராத்திரி ராம் வேகத்தை ஏற்றிப் பார்த்தீர்கள் என்றால் காரணமே அதுதான், ஒத்துக்கொள்ளுங்கள்.

மூடியைப் போடாமல் வைத்திருந்தால் பல்லியையும் தேடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எஸ்எம்பிஎஸ் வெதுவெதுப்பு அதற்குப் பிடிக்கும்.

18. "டிஸ்ப்ளே வந்துருச்சு, ஆனா பூட் டிவைஸ் இல்லன்னு சொல்லுது."

உங்கள் சிஸ்டம் ஆன் ஆகிவிட்டது, வாழ்த்துகள். விண்டோஸ் பென்டிரைவ் போட்டு நிறுவுங்கள். நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால், எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே படுக்கையாகச் செருகும் பட்டை வகை) கடைசி வரை உள்ளே போய் முனை ஸ்க்ரூ போட்டிருக்கிறதா பாருங்கள்.

19. "எல்லாம் பார்த்துட்டேன். இனி கடைக்குத்தான் போகணுமா? என்ன சொல்லிக் குடுக்கிறது?"

போகலாம், வெட்கம் ஒன்றும் இல்லை. "ஆன் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். உயிர் இருக்கிறதா இல்லையா, எந்த லைட்டில் நிற்கிறது, வெளியே வைத்துப் பார்த்தபோது என்ன ஆனது, எந்த ராமை எந்த ஸ்லாட்டில் போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தாளைப் பார்த்ததும் கடைக்காரர் உங்களை வேறு மாதிரி நடத்துவார். பில், பெட்டி எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோங்கள், வண்டிக் குலுக்கலில் ஸ்லாட் பிய்ந்துவிடும்.

எது செத்திருக்கும் என்று என்னைக் கேட்டால், முதலில் எஸ்எம்பிஎஸ், போர்டு, ராம் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சந்தேகப்படுவேன். பெட்டியிலிருந்தே செத்து வரும் பிராசசரை நான் இதுவரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை. "பிராசசர் போயிருச்சு, புதுசு வாங்குங்க" என்று எடுத்த எடுப்பில் சொன்னால், அவர்களிடம் உள்ள வேறு பிராசசரை உங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

20. "அண்ணே, ஓடிருச்சு! ஆனா என்ன பண்ணி ஓடுச்சுன்னே தெரியல. எல்லாத்தையும் கழட்டி மாட்டுனேன், ஓடிருச்சு."

எங்கோ ஒரு முனை சரியாக உட்காராமல் இருந்து இப்போது உட்கார்ந்திருக்கிறது. அநேகமாக ராம். மறுபடி கழற்றிக் காரணம் கண்டுபிடிக்கப் போகாதீர்கள். மூடியை மட்டும் இன்றைக்கே போட்டுவிடுங்கள், 17-இல் சொன்ன விருந்தாளி ராத்திரிதான் வருவார்.